திரும்பி வரும் நோயும் திரும்பி வரவேண்டிய உதவியும்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு நடத்திய குடும்பச் சந்திப்பில் நம்மூர்க் குடும்பம் ஒன்று ஆற்றிய உரை. உடன்பிறந்த மூவர் சேர்ந்து எழுதியதை மூத்த மகள் வாசித்தார். அவர்கள் விருப்பப்படி பெயர்களைக் குறிப்பிடவில்லை.)

 

எங்கள் உம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது 2016ஆம் ஆண்டு. இப்போது பத்தாவது ஆண்டு நடக்கிறது. உம்மா வீட்டில் நலமாக இருக்கிறார்கள். இன்று காலை ஆணம் காய்ச்சியதும் அவர்கள்தான். இந்த உரையை எழுதி முடித்ததும் அவர்களிடம் வாசித்துக் காட்டினோம். "என்னைப் பற்றிக் கூடுதலாகப் புகழ்ந்த இரண்டு இடத்தை அடித்துவிடுங்கள், மற்றதைச் சொல்லுங்கள்" என்றார்கள். அடித்துவிட்டோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஒரே நோய் நான்கு முறை திரும்பி வந்த வீட்டில் இருப்பவர்கள். அதனால் தெரிந்துகொண்டதைச் சொல்லவும், கடைசியில் இந்த அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவும் வந்திருக்கிறோம்.

கடைத்தெருவிலும் கல்யாண வீடுகளிலும் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "உம்மாவுக்கு இன்னும் சரியாகவில்லையா?" என்பதுதான். அன்போடு கேட்கிறார்கள். ஆனால் அதற்கு 'ஆம்' என்றும் சொல்ல முடியவில்லை, 'இல்லை' என்றும் சொல்ல முடியவில்லை. புற்றுநோய் என்றால் ஒன்று குணமாக வேண்டும், இல்லையென்றால் மரணம் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இந்த இரண்டுக்கும் நடுவே நீண்டதொரு காலம் இருக்கிறது. நோயும் இருக்கும், வாழ்க்கையும் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவரைப் பார்த்து "இன்னும் சரியாகவில்லையா?" என்று நாம் கேட்பதில்லை. "சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறோம். எங்கள் உம்மாவிடமும் அப்படிக் கேட்கலாம். ஆனால் சர்க்கரையைவிட இது கடினமான நோய். கட்டுப்பாடு ஒவ்வொரு முறையும் கையைவிட்டுப் போகும், மறுபடியும் பிடிக்க வேண்டும்.

புகைக்காதவருக்கும் வரும்

உம்மா பீடி, சிகரெட்டைத் தொட்டவர்கள் அல்லர். வாப்பாவும் புகைத்ததில்லை. அப்படியிருந்தும் "வீட்டில் யார் குடிப்பார்கள்?" என்ற கேள்வி பல முறை வந்தது. நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகையிலைதான், அதில் சந்தேகமில்லை. பிறர் விடும் புகை, விறகடுப்புப் புகை, காற்று மாசு ஆகியவையும் காரணமாகலாம். எதுவும் இல்லாமலும் வரலாம். ஆகவே நோயாளியை விசாரணைக் கூண்டில் நிறுத்த வேண்டாம். புகைத்தவரானாலும் அவருக்குத் தேவை சிகிச்சைதான், தீர்ப்பு அல்ல.

முதலில் வந்தது இருமல். ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் போனது. இருமல் குறையவில்லை, எடை குறைந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு வேறிடத்தில் ஸ்கேன் எடுத்தபோது நெஞ்சில் நீர் கோத்திருந்தது. அதை எடுத்துச் சோதித்து, பயாப்சியும் செய்தபிறகுதான் உண்மை தெரிந்தது. காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இந்தக் குழப்பம் பலருக்கும் நேர்கிறது. சளியில் கிருமி தெரியாமலே காசநோய் மருந்து தொடங்கி, சில வாரங்களாகியும் குணம் தெரியாவிட்டால், "வேறு என்னவாக இருக்கலாம்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நோய் தெரிந்தபோதே நான்காம் கட்டம். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஆனால் மருத்துவர் அடுத்த நாளே சிகிச்சையைத் தொடங்கவில்லை. "மரபணுச் சோதனை முடிவு வரட்டும்" என்றார். அந்தக் காத்திருப்பு அன்று எங்களுக்குப் புரியவில்லை. இன்று புரிகிறது.

நுரையீரல் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. அதில் சிறு செல் வகை என்றும், சிறு செல் அல்லாத வகை என்றும் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு வருவது இரண்டாவது வகை. அதற்குள்ளும் பல பிரிவுகள். சிலருடைய புற்றுச் செல்லில், 'வளர்ந்துகொண்டே இரு' என்று ஓயாமல் கட்டளையிடும் ஒரு மரபணு மாற்றம் இருக்கும். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது அவற்றில் ஒன்று. இந்தியாவில் அடினோகார்சினோமா என்ற வகை வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கிறது. புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது கூடுதல். ஏ.எல்.கே., ராஸ்1 போன்றவை இன்னும் குறைவானவர்களுக்கு இருக்கும். மாற்றம் எதுவென்று தெரிந்தால், அந்தக் கட்டளையை மட்டும் தடுக்கும் மாத்திரையைக் கொடுக்கலாம். மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோவும், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசியும் உண்டு. ஆகவே பயாப்சி என்றால் பயந்து ஓட வேண்டாம். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டுச் சோதனையைத் தள்ளிப் போடவும் வேண்டாம்.

நான்கு முறை திரும்பியது

உம்மாவுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தது. ஜெஃபிடினிப் என்ற மாத்திரை, தினம் ஒன்று. ஒரே மாதத்தில் இருமல் நின்றது. மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. குணமாகிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லலாமா என்று மருத்துவரிடமே கேட்டோம். "சந்தோஷப்படுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இது தூங்குகிறது, போகவில்லை" என்றார்.

பதினான்கு மாதம் கழித்து நெஞ்சில் மறுபடியும் நீர். மாத்திரை பூட்டிய கதவுக்கு நோய் வேறொரு சாவி செய்துகொண்டது என்று விளக்கினார்கள். கோடிக்கணக்கான புற்றுச் செல்களில் ஏதோ சில, மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடுகின்றன. மற்றவை சாகும்போது அவை பிழைத்துப் பெருகுகின்றன. ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகளுக்கு அடங்காமல் போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு டி790எம் என்ற புதிய மாற்றம் வந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க மறுபடியும் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும், அல்லது இரத்தத்தில் சோதித்துப் பார்க்கலாம். உம்மாவுக்கு இரத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தப் புதிய சாவியையும் தடுக்கும் ஒசிமெர்டினிப் என்ற மாத்திரைக்கு மாறினோம்.

இரண்டாம் முறை 2020இல். நுரையீரல் அமைதியாக இருந்தது, இடுப்பெலும்பில் மட்டும் ஓர் இடம். மாத்திரையை மாற்றாமல், அந்த இடத்துக்கு மட்டும் ஐந்து நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். தோட்டத்தில் ஒரு செடி பட்டால் தோட்டத்தையே அழிப்பதில்லை அல்லவா? அதுபோல.

மூன்றாம் முறை 2022இல். மூளையில் இரண்டு சிறு புள்ளிகள். தலைவலிகூட இல்லை, வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரிந்தது. அறுவை சிகிச்சை இல்லாமல், ஒரே நாளில் குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. அன்று மாலையே விடுதிக்கு வந்து இடியாப்பம் சாப்பிட்டார்கள்.

நான்காம் முறை 2023 கடைசியில், நுரையீரலிலேயே பல இடங்களில். அப்போதுதான் முதன்முதலாகக் கீமோ. கார்போபிளாட்டினும் பெமெட்ரெக்ஸட்டும், 21 நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. அதன்பின் பெமெட்ரெக்ஸட் மட்டும் தொடர்கிறது. அந்த மருந்துக்காகவே தினம் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும், ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசியும். இவை பக்க விளைவைக் குறைப்பதற்காக. "வெறும் சத்து மாத்திரைதானே" என்று விட்டுவிடக் கூடாது.

கடந்த மாத ஸ்கேனில் ஓரிடம் சில மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. அடுத்த ஸ்கேன் வரை பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த மேடையில் நிற்கும்போது எங்களுக்குத் தெரிந்த நிலை இதுதான்.

உம்மாவைப் போல எல்லோருக்கும் அமையும் என்று சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்வது பொய் நம்பிக்கை. முதல் மருந்தாகவே ஒசிமெர்டினிப் கொடுத்துச் செய்த பன்னாட்டு ஆய்வில், பாதிப் பேருக்கு நோய் சுமார் 19 மாதத்துக்கு மேல் அடங்கியிருந்தது. பழைய மாத்திரைகளில் அது 10 மாதம். பாதிப் பேர் 38 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். மற்றப் பாதி அதற்குள் இறந்துவிட்டார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ஏ.எல்.கே. மாற்றம் உள்ளவர்களுக்கான லார்லாட்டினிப் ஆய்வில், ஐந்து ஆண்டுக்குப் பிறகும் நூற்றுக்கு அறுபது பேருக்கு நோய் முன்னேறாமல் இருந்ததாக 2024இல் அறிவித்தார்கள். எண்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்பவை. நம் வீட்டு ஆள் அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்பதை எண் சொல்லாது. ஹயாத்தை அளப்பது மருத்துவர் வேலையும் அல்ல, நம் வேலையும் அல்ல. நம் வேலை, கிடைக்கும் சிகிச்சை தடைபடாமல் பார்த்துக்கொள்வது.

வீட்டு நடைமுறை

நாட்கள் எப்படிப் போகின்றன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் சாதாரணமாகத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அதற்கு முந்தைய வாரம் வீடு மௌனமாகிவிடும். சின்ன இருமலுக்கும் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, வீடு மறுபடியும் பேசத் தொடங்கிவிடும்.

மாத்திரை என்பதால் பக்க விளைவு இல்லை என்று எண்ண வேண்டாம். முகத்தில் பரு போலக் கொப்புளம், வறண்ட தோல், நகச்சுத்தி, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். உம்மாவுக்கு நகச்சுத்திதான் பெரிய தொல்லை. மீன் ஆயும்போது முள் குத்தினால் ஆறாது. அதனால் மீன் ஆயும் வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டான். ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. சொல்லாமல் பொறுத்துக்கொண்டால்தான் மாத்திரையையே நிறுத்தும் நிலை வரும்.

இரண்டு நிலையில் காத்திருக்கக் கூடாது. மாத்திரை சாப்பிடுபவருக்குத் திடீரென மூச்சுத் திணறலோ வறட்டு இருமலோ கூடினால், அது அரிதாக மருந்தினாலேயே வரும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இம்யூனோதெரபி எடுத்தவர்களுக்கு, ஊசி முடிந்து பல மாதம் கழித்தும் தைராய்டு, குடல், நுரையீரலில் அழற்சி வரலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த ஊசி போட்டதைச் சொல்லுங்கள்.

மற்ற மருந்துகளோடு கலக்கும்போதும் கவனம் தேவை. வாயு, நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் ஜெஃபிடினிப்பை உடலில் சேரவிடாமல் குறைக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டாயினும் ஒசிமெர்டினிப்பின் வேகத்தைக் குறைக்கும். நாட்டு மருந்தும் அப்படித்தான். கருஞ்சீரகமோ கஷாயமோ எதுவானாலும், சாப்பிடுவதைப் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். மாத்திரை, நேரம், எடை, காய்ச்சல், ஸ்கேன் தேதி எல்லாம் அதில் இருக்கும். புதிய மருத்துவர் யாரானாலும் அதைக் காட்டுவோம். பத்தாண்டுக் கதையை வாயால் சொல்லத் தேவையில்லை.

ரமளானில் உம்மா நோன்பு வைக்க வேண்டும் என்று முதல் ஆண்டே அழுதார்கள். நோயாளிக்குச் சலுகை இருப்பதை நம் மார்க்கமே சொல்கிறது. நாள்பட்ட நோய்க்கு ஃபித்யா கொடுப்பது பற்றி ஆலிமிடம் கேட்டுத் தெளிந்தோம். வைக்க முடியுமா என்பதை ஆண்டுதோறும் மருத்துவரிடம் கேட்கிறோம். கீமோ நடக்கும் ஆண்டில் வேண்டாம் என்றார். நோன்புக் கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கம் அனுப்புவதில் உம்மா மனம் நிறைகிறார்கள். நோன்புக்காக மாத்திரையை ஒரு மாதம் நிறுத்திய குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, வலித் தணிப்பு மருத்துவம். "பேலியேட்டிவ்" என்ற பெயரைக் கேட்டாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். 2010இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில், தொடக்கத்திலிருந்தே இந்தச் சேவையும் சேர்ந்து கிடைத்தவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தார்கள், மற்றவர்களைவிடச் சில மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். மூச்சிரைப்பு, வலி, தூக்கமின்மை, பயம் எல்லாவற்றையும் கேட்டு மருந்து தருவார்கள். அது சிகிச்சையின் முடிவு அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

பணமும் பராமரிப்பும்

இனி எல்லோரும் பேசத் தயங்கும் விஷயம். தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்துவையுங்கள். எந்த மருந்து அதில் அடங்கும், எது அடங்காது என்பதை மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடமே கேட்டறிய வேண்டும். சென்னை அடையாறில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, புதுவை ஜிப்மர், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஆகியவை நம்மவர்கள் போய்வரும் இடங்கள். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும், உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவம் வேண்டும். எங்களுக்கு இது மூன்றாம் ஆண்டில்தான் தெரிய வந்தது, அதுவும் ரயிலில் எதிர் இருக்கையில் இருந்த ஒருவர் சொல்லி.

மருந்து விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 2019இல் மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபத்துக்கு 30 சதவீத வரம்பு வைத்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஒசிமெர்டினிப் உள்ளிட்ட மூன்று மருந்துகளுக்குச் சுங்க வரியை நீக்கியது. ஜெஃபிடினிப்பை இந்திய நிறுவனங்களே குறைந்த விலைக்குத் தருகின்றன. விலையுயர்ந்த மாத்திரைகளுக்கு நிறுவனங்கள் நோயாளி உதவித் திட்டம் நடத்துகின்றனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருந்தும் மாதந்தோறும் பணம் வேண்டும் என்பது மாறவில்லை. மாத்திரை, ஸ்கேன், பயணம், விடுதி, கூடப் போகிறவரின் வேலை இழப்பு, எல்லாம் சேர்ந்துதான் செலவு. முதல் இரண்டு ஆண்டில் வாப்பாவின் சேமிப்பு போனது. நான்காம் ஆண்டில் கடை போனது. ஆறாம் ஆண்டில் லாத்தாவின் நகை.

இதைக் குறைசொல்லவில்லை. 2016இல் ஊரே எங்கள் வீட்டில் இருந்தது. ஜமாஅத்தில் துஆ செய்தார்கள். இந்த அறக்கட்டளை ஒரே வாரத்தில் கைகொடுத்தது. அந்தப் பணம்தான் முதல் சோதனைகளுக்கு ஆனது, அதை மறக்க மாட்டோம். ஆனால் நோய் இரண்டாம் முறை வந்தபோது வந்தவர்கள் பாதி. நான்காம் முறை வந்தபோது எங்களுக்கே யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. "மறுபடியுமா?" என்ற முகத்தைப் பார்க்கும் சக்தி இல்லை. எங்களுக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்தில், மாத்திரை அட்டையை இரண்டு மாதம் வரவைக்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறார் ஒரு பெரியவர். மகனுக்குக்கூடத் தெரியாது. அவருக்கு மறுபடியும் உதவி கேட்கக் கூச்சம். ஏற்கெனவே ஒருமுறை வாங்கிவிட்டாரே!

இதற்காகத்தான் இன்று வந்தோம். நம் விதியில் "ஒரு நோய்க்கு ஒருமுறை உதவி" என்று இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கும் விபத்துக்கும் அது சரி. பத்து ஆண்டு நீடிக்கும் நோய்க்கு அது போதாது. நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, நாள்பட்ட நோய்க்கான உதவியை மொத்தமாகத் தராமல், சிறிய தொகையாக இருந்தாலும் மாதாமாதம் தாருங்கள். ஜகாத் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, மாத்திரை அட்டை மாதம் ஒருமுறை தீர்கிறது. வருவதைப் பன்னிரண்டாகப் பிரித்து வைக்க முடியுமா என்று ஆலிம்களோடும் நிர்வாகிகளோடும் பேசி முடிவு செய்யுங்கள். நோயாளி வந்து கேட்கும் முறை வேண்டாம். நீங்கள் போய்க் கொடுக்கும் முறை வேண்டும்.

இரண்டு, காப்பீட்டு அட்டை, ரயில் படிவம், நிறுவன உதவித் திட்டம் ஆகியவற்றுக்குக் காகிதம் எழுதித் தர நம் கல்லூரிப் பிள்ளைகளில் நான்கைந்து பேர் போதும். நாங்கள் ஒன்பது ஆண்டில் கற்றதை ஒரே நாளில் அவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். எங்கள் நோட்டுப் புத்தகத்தின் படியும் தருகிறோம்.

மூன்று, பராமரிப்பவரை நினையுங்கள். எங்கள் வீட்டில் அது தம்பி மனைவி. ஒன்பது ஆண்டில் அவர் தாய்வீட்டில் தொடர்ந்து நான்கு நாள் தங்கியதில்லை. மாதம் ஒரு நாள் யாராவது வந்து உம்மாவோடு இருந்தால், அவர் தன் தாயைப் பார்த்து வருவார். இதற்குப் பணமே தேவையில்லை. பெண்கள் அணி ஒரு முறைப்பட்டியல் போட்டால் போதும்.

நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாருக்கோ இதே நோய் வந்து இறந்த கதையைச் சொல்லாதீர்கள். "பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லையே" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லும்போது, இருக்கும் களைப்பையும் அவர்கள் மறைக்க வேண்டியதாகிறது. சிறிது நேரம் இருங்கள். ஊர்ப் பேச்சுப் பேசுங்கள். கல்யாணத்துக்கு அழையுங்கள். வர முடியாதே என்று நீங்களே முடிவு செய்து அழைக்காமல் விடாதீர்கள். அது நோயைவிட வலிக்கிறது என்று உம்மா சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த ஸ்கேனில் வளர்ச்சி கூடியிருந்தால், டோசிடாக்சல் என்ற வேறு கீமோ இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அது கொஞ்சம் கடுமையானது. எடுப்பதா வேண்டாமா என்பதை உம்மாதான் தீர்மானிப்பார்கள். "என் உடம்பு, நான் மருத்துவரிடம் பேசிக்கொள்கிறேன். நீங்கள் அந்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்ட மனிதருக்கு வழி செய்யுங்கள்" என்று சொல்லித்தான் எங்களை இங்கே அனுப்பினார்கள். அவர் வீட்டு முகவரியை நிர்வாகிகளிடம் தனியாகக் கொடுத்திருக்கிறோம். இந்த மாதம் அவருடைய அட்டை தீர்வதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

வஸ்ஸலாம்.